‘பொருளற்ற நாட்டிய நாடகம்’ அல்ல, கதை தழுவாத பாலே

அமெரிக்க நடன அமைப்பாளர் ஜெரோம் ராபின்ஸ் அமைத்த ‘இன் ஜி மேஜர்’ என்ற பாலே பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்றில் ‘பொருளற்ற நாட்டிய நாடகம்’ என்ற தொடரை மறுபடி பார்த்தேன். இதற்கு முன்பும் வேறு வேறு பாலேக்களைப் பற்றிய குறிப்புகளில் கண்ணில் பட்டிருக்கிறது. இந்த முறை பேசாமல் விட மனம் வரவில்லை. கட்டுரை முழுக்க அந்தப் பாலே எவ்வளவு ஈர்ப்பானது என்று சொல்கிறது. முதல் வரியோ அதில் பொருளே இல்லை என்று சொல்லிவிடுகிறது. மூலத்தில் இருந்தது ‘கதை கிடையாது’ என்ற செய்தி மட்டும்தான்.

முதலில் பாலே என்ற சொல். இத்தாலிய மொழியில் ‘பல்லோ’ என்றால் ஆட்டம். அதன் சிற்றுருவம் ‘பல்லெத்தோ’, சிறு ஆட்டம். அது பிரெஞ்சுக்குப் போய் ‘பாலே’ ஆனது. கடைசி எழுத்தை பிரெஞ்சில் ஒலிப்பதில்லை என்பதால் நாமும் ‘பாலெட்’ என்று எழுத வேண்டியதில்லை. வேரில் ஆட்டம் இருக்கிறது, நாடகம் இல்லை. இவ்வளவு போதும்.

அப்படியானால் ‘நாட்டிய நாடகம்’ எங்கிருந்து வந்தது? ‘ஜிசெல்’, ‘ஸ்வான் லேக்’ போன்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாலேக்களை மனத்தில் வைத்து எடுத்துக்கொண்ட சொல்லாக அது இருக்கலாம். அவற்றில் கதை உண்டு, பாத்திரங்கள் உண்டு, முடிவில் சாவும் பிரிவும் உண்டு. அவற்றை நாட்டிய நாடகம் என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் ஒரு கலையின் ஒரு வகைக்குப் பொருந்தும் பெயரைக் கலை முழுவதற்கும் வைத்துவிட்டால், மற்ற வகைகளைச் சொல்லும்போது மொழி திக்கும். கதை இல்லாததை ‘கதையற்ற நாட்டிய நாடகம்’ என்று எழுதினால் ஒரே தொடரில் நாடகம் உண்டு, நாடகம் இல்லை என்று இரண்டையும் சொன்னதாகிறது. இந்த முரண் உறுத்தியதால்தானோ என்னவோ, சிலர் ‘கதை’யை விட்டுவிட்டு ‘பொருள்’ என்று மாற்றிக்கொண்டார்கள். குழி இன்னும் ஆழமாகிவிட்டது.

‘கால்விரல் நடனம்’ என்றொரு ஆக்கமும் உண்டு. அதுவும் ஆகாது. விரல் நுனியில் நின்றாடும் முறை மேடையில் வேரூன்றியது 1832-இல் மரீ தாலியோனி என்ற ஆட்டக்காரி ‘லா சில்ஃபீத்’ பாலேயை ஆடிய காலத்தை ஒட்டித்தான். பாலே அதைவிட மிகவும் பழையது. ஆண்கள் பெரும்பாலும் விரல் நுனியில் ஆடுவதும் இல்லை. ‘பாலே’ என்றே எழுதலாம். ஓபராவை ஓபரா என்றும் ஜாஸை ஜாஸ் என்றும் எழுதுகிறோம், யாருக்கும் புரியாமல் போகவில்லை. பிற மொழிச் சொல் எதையும் உள்ளே விடக்கூடாது என்பவர்களோடு எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு கலையின் பெயர் அந்தக் கலையோடு வரட்டும். அந்தக் கலையைப் பற்றி நாம் சொல்லும் கருத்து தமிழில் இருக்க வேண்டும், அதில்தான் கவனம் வேண்டும்.

இப்போது ‘பொருளற்ற’. பொருள் என்ற சொல்லுக்குத் தமிழில் உள்ள கனம் கொஞ்சமல்ல. அர்த்தம், உள்ளடக்கம், பயன், செல்வம் எல்லாம் அதில் அடங்கும். ஒன்றைப் பொருளற்றது என்றால் அது வெறும் பிதற்றல் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். ராபின்ஸ் பாலேயில் இல்லாதது கதை ஒன்றுதான். உணர்ச்சி இருக்கிறது, உறவு இருக்கிறது, இளமையின் விளையாட்டு இருக்கிறது. 1975-இல் நியூயார்க் சிட்டி பாலே குழு பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலுக்காக நடத்திய விழாவில் இது முதன்முதலாக மேடையேறியபோது நடுப்பகுதி இருவர் ஆட்டத்தை ஆடியவர்கள் சூசன் ஃபாரெலும் பீட்டர் மார்ட்டின்ஸும். அந்தப் பகுதிக்கான இசை ராவெலின் பியானோ கான்செர்ட்டோவின், அதாவது பியானோவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதிய படைப்பின், இரண்டாம் பகுதி. பியானோ மட்டும் ஏறத்தாழ மூன்று நிமிடம் தனியாகப் பாடுகிறது. இடது கை மூன்று தட்டுத் தாளம் கொண்ட ஒரு வால்ட்ஸ் போல அசைய, வலது கை அந்தக் கணக்கில் சேராமல் தன் போக்கில் நீண்டுகொண்டே போகிறது. இரு கைகளும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் போகும் அந்த இசைக்கு ஒரு ஆணும் பெண்ணும் நெருங்கி விலகி மறுபடி நெருங்குகிறார்கள். அவர்கள் யார், ஏன் பிரிந்தார்கள், பிறகு சேர்ந்தார்களா என்று யாரும் சொல்வதில்லை. சொல்லாததால்தான் பார்ப்பவர் கண் முழுக்க அந்த நெருக்கத்திலேயே நிற்கிறது. இதைப் பொருளற்றது என்று எழுத எப்படிக் கை வந்தது?

சரி, ‘கதையற்ற பாலே’ என்றால் போதாதா என்று கேட்கலாம். பொருளற்றதைவிட நூறு மடங்கு மேல். ஆனாலும் எனக்கு ‘அற்ற’ என்பதில் ஒரு தயக்கம். அறுதல் என்றால் துண்டாதல், இல்லாமற்போதல். வேலையற்ற, வீடற்ற, நன்றியற்ற என்று சொல்லும்போது இருக்க வேண்டியது இல்லை என்ற குறை தொனிக்கிறது. மாசற்ற, குற்றமற்ற என்னும்போது இருக்கக்கூடாதது போய்விட்டது என்ற நிறைவு தொனிக்கிறது. எல்லையற்ற என்பது போல விலக்குகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் ‘அற்ற’ ஒரு தீர்ப்பைச் சொல்கிறது. இந்தப் பாலேயிலிருந்து கதையை யாரும் வெட்டி எடுக்கவில்லை. அது இதில் வந்து சேரவே இல்லை.

இன்னொரு போட்டிச் சொல் ‘அருவ நடனம்’. ஓவியத்தில் பழகிய சொல்லை அப்படியே நடனத்துக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். இதைப் பரிந்துரைப்பவர்கள் நன்றாகப் படித்தவர்கள், அதனாலேயே பிறரும் பின்பற்றுகிறார்கள். அருவம் என்றால் உருவம் இல்லாதது. மேடையில் இருப்பதோ உடல்கள். மூச்சு வாங்கும், வேர்க்கும், ஒருவர் எடையை ஒருவர் தாங்கும் உடல்கள். அதைவிட உருவமான கலை எது? ஓவியத்தில் மரமும் முகமும் மறைந்து வண்ணமும் கோடும் மட்டும் நிற்கும்போது அருவம் என்பது பொருந்தலாம். நடனத்தில் மனிதன் மறைவதே இல்லை. கதை தழுவாத பாலேக்களை ஏராளமாகப் படைத்த ஜார்ஜ் பாலன்சினே ஓர் ஆணையும் பெண்ணையும் மேடையில் நிறுத்தினாலே அங்கே கதை வந்துவிடுகிறது என்று சொன்னவர். அவர் படைப்புகளைத் தமிழில் அருவம் என்று எழுதுவது அவர் பார்வைக்கே எதிரானது.

1967-இல் அவர் அமைத்த ‘ஜுவல்ஸ்’ பாலேயின் இரண்டாம் பகுதி ‘ரூபீஸ்’. இசை, ஸ்ட்ராவின்ஸ்கி 1929-இல் பியானோவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதிய ‘காப்ரிச்சியோ’. அதில் ஓரிடத்தில் நான்கு ஆண்கள் ஒருத்தியின் மணிக்கட்டையும் கணுக்காலையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து அவள் உடலைத் திருப்பி வளைக்கிறார்கள். கதை தேடுகிறவருக்கு அது நான்கு காதலர்கள், அல்லது சிறைப்பட்ட பெண். இரண்டுமே மேடையில் இல்லை. இருப்பது இழுவையும் எதிர் இழுவையும், ஒரு உடல் எத்தனை திசையில் திரும்ப முடியும் என்ற வியப்பும். அருவம் என்றால் அந்த உடலைக் காணவில்லை. காதலர்கள் என்றால் அந்த வியப்பைக் காணவில்லை.

நமக்கு வேண்டிய சொல் பழைய உரையிலேயே கிடக்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் சாந்திக் கூத்து என்ற ஆட்ட வகையைச் சொக்கம், மெய், அவிநயம், நாடகம் என்று நான்காகப் பிரிக்கிறார். சொக்கம் என்பது சுத்த நிருத்தம், வெறும் ஆட்டம். நாடகம் என்பது ‘கதை தழுவி வரும் கூத்து’. அவிநயத்தைச் சொல்லும்போது, ‘கதை தழுவாது’ பாட்டின் பொருளைக் கைகாட்டி ஆடுவது என்கிறார். கதையைத் தழுவுவது, தழுவாதது! ஆட்டம் ஆட்டமாக இருக்கிறது, அது விரும்பினால் கதையைத் தழுவிக்கொள்ளும், இல்லையென்றால் விட்டுவிடும். குறையும் இல்லை, வெட்டும் இல்லை.

பாட்டின் சொல்லைக்கூட அபிநயிக்காத பாலேயைச் ‘சொக்கம்’ என்று சொல்லலாமே என்ற ஆசை எனக்கும் உண்டு. சொக்கத் தங்கம் என்பதில் அந்தச் சொல் இன்றும் வாழ்கிறது. ஆனால் அடியார்க்கு நல்லார் அதை நூற்றெட்டுக் கரணங்கள் என்ற ஆட்ட அசைவுகளோடு கட்டிவைத்திருக்கிறார். வேறொரு ஆட்ட முறைக்கு அதைப் பிடுங்கிக் கொடுப்பது சரியல்ல. மேலும் தூய்மை என்று சொல்லிவிட்டால் கதை உள்ள பாலே கலப்படம் என்றாகிவிடும். ‘கதை தழுவாத’ என்பதில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. கதை இல்லை என்ற ஒன்றை மட்டும் சொல்கிறது. உணர்ச்சி உண்டா, பொருள் உண்டா என்பதைப் பார்ப்பவரிடம் விட்டுவிடுகிறது. ராபின்ஸும் இதைத்தான் கேட்டார். ஷோப்பான் இசைக்கு அவர் 1969-இல் அமைத்த ‘டான்சஸ் அட் எ கேதரிங்’ பாலேக்குள் விமர்சகர்கள் கதை தேடியபோது, இதில் கதையும் இல்லை பாத்திரமும் இல்லை, ஆடுபவர்கள் தாங்களாகவே அந்த இசைக்கு அந்த இடத்தில் ஒருவரோடொருவர் ஆடுகிறார்கள் என்று எழுதி அனுப்பினார்.

அப்புறம் இசை. அதே கட்டுரையில் ராவெலின் கான்செர்ட்டோ ‘ஜாஸ் இசை’ ஆகியிருந்தது. இது இன்னொரு அவசரம். ராவெல் 1928-இல் அமெரிக்காவில் சுற்றியபோது ஜாஸை நேரில் கேட்டார், அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வினைச் சந்தித்தார். 1932 ஜனவரியில் பாரிஸில் அரங்கேறிய இந்தக் கான்செர்ட்டோவில் அதன் சாயல் தெளிவாகக் கேட்கிறது. அடி விழ வேண்டிய இடத்தில் விழாமல் சற்று முன்னே பின்னே விழும். சுரம் இறங்க வேண்டிய இடத்தில் ஒரு மென்மையான கோணலோடு நழுவும். ஆனாலும் ஒவ்வொரு சுரமும் தாளில் எழுதப்பட்டது. ஜாஸின் உயிரான உடனடிக் கற்பனைக்கு அங்கே இடம் இல்லை. ஆகவே அது ‘ஜாஸ் சாயல் கொண்ட செவ்வியல் இசை’. நீளம்தான், ஆனால் பொய் இல்லை. இந்த வேறுபாடு தெரிந்தால்தான் ஆட்டத்தின் ஈர்ப்பும் புரியும். பாலேயின் நேர்கோட்டு ஒழுங்கில் பழகிய உடல், அடி தள்ளி விழும் இசைக்கு இடுப்பைச் சற்று முன்தள்ளுகிறது, பாதத்தை மடிக்கிறது, தோளைக் குலுக்குகிறது. ஒழுங்கும் மீறலும் ஒரே உடலில் தெரிகிற அந்த நொடிக்காகத்தான் இந்த வகைப் பாலேயைத் திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றுகிறது. நடுவில் ஒரு கதை ஓடினால் கண் அதன் பின்னால் போய்விடும்.

கலை பற்றி மொழிபெயர்ப்பவர்கள் அகராதியை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவது எனக்கு வருத்தம் தருகிறது. அந்தப் பாலேயின் ஐந்து நிமிடப் பதிவைப் பார்த்திருந்தால்கூடப் ‘பொருளற்ற’ என்ற சொல் பேனாவில் வந்திருக்காது. படிப்பவர் பார்க்காமலே ஒதுக்கிவிடும் நிலைக்கு ஒரு சொல் அவரைத் தள்ளுகிறது என்றால், அது சின்னப் பிழை இல்லை.

எழுதும் முறை பற்றி ஒன்று. சுருக்கமாக ‘கதை தழுவா’ என்று எழுத விரும்பினால் ஒற்று மிகும், ‘கதை தழுவாப் பாலே’ என்று வரும். ‘தழுவாத’ என்று முழுதாக எழுதினால் ஒற்று வேண்டாம். நான் இரண்டாவதையே எழுதுகிறேன்: “‘இன் ஜி மேஜர்’, ராவெலின் ஜாஸ் சாயல் கொண்ட பியானோ கான்செர்ட்டோவுக்கு ராபின்ஸ் அமைத்த, கதை தழுவாத பாலே.” ‘ஸ்வான் லேக்’ போன்றவற்றுக்குக் ‘கதை தழுவிய பாலே’.