குறைத்துச் சாப்பிட்டால் பிரசவம் எளிதாகிவிடாது

இந்த மாதத்தில் மட்டும் மூன்றாவது முறையாக அதே பதிலைக் கேட்டுவிட்டேன். ஏழு மாதக் கர்ப்பிணியின் எடை அட்டையில் இரண்டு மாதங்களாக ஒரே எண்தான் இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "குழந்தை பெருத்துவிட்டால் பிரசவம் கஷ்டமாகிவிடுமே, அதனால்தான் அரை வயிறாகச் சாப்பிடச் சொன்னோம்" என்றார், உடன் வந்த உறவினர்.

ஸ்கேனில் குழந்தையின் தலைச் சுற்றளவு வாரத்துக்கு ஏற்றபடியே இருந்தது. வயிற்றுச் சுற்றளவு மட்டும் பின்தங்கியிருந்தது. ஊட்டம் போதாதபோது கரு, கிடைக்கும் இரத்தத்தில் மூளையின் பங்கைக் காப்பாற்றிக்கொண்டு, கல்லீரல், சிறுநீரகம், தசை ஆகியவற்றின் பங்கைத்தான் குறைக்கிறது. பிரசவத்தில் பெரும்பாலும் சிரமம் தருவது தலை; நீங்கள் பட்டினி போட்டுச் சிறுக்க வைப்பதோ அந்தக் குழந்தை ஆயுள் முழுவதும் நம்பியிருக்க வேண்டிய உறுப்புகளை. சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகள் ஏறத்தாழ 36 வாரங்களுக்குள் உருவாகி முடிந்துவிடுகின்றன. எண்ணிக்கை குறைந்து பிறந்தால், பிறகு எவ்வளவு ஊட்டினாலும் புதிதாக ஒன்றுகூட உருவாகாது. நடுத்தர வயதில் வரும் உயர் இரத்த அழுத்தத்துக்கு அதுவும் ஒரு காரணம். தாய்க்கும் இதனால் நன்மையில்லை: இரத்தசோகையோடு பிரசவத்துக்கு வருபவருக்குச் சாதாரண இரத்தப்போக்கே ஆபத்தாகிவிடக்கூடும்.

"மூன்று கிலோ பிறந்தது, ஒன்றும் ஆகவில்லை" என்பதும் ஆறுதல் அல்ல. 1944–45 குளிர்காலத்தில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் ஒருவருக்கான தினசரிப் பங்கீடு 1,000 கலோரிக்கும் கீழே போனது. அந்தப் பஞ்சத்தின்போது கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் இருந்தவர்களின் குழந்தைகள் இயல்பான எடையோடுதான் பிறந்தார்கள்; ஆனால் அவர்களிடையே பிற்காலத்தில் இதய நோய் அதிகமாகக் காணப்பட்டது.

ஆகவே, கருத்தரிக்கத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைத் தொடங்குங்கள். இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டினால் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள், சொல்லாமல் நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு பரிசோதனையிலும் எடை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இயல்பான உடல்வாகு கொண்டவருக்கு மொத்தம் 11.5 முதல் 16 கிலோ வரையும், மெலிந்தவருக்கு அதைவிடக் கூடுதலாகவும் எடை ஏற வேண்டும். பிறந்த பிறகு தேற்றிக்கொள்ளலாம் என்று எண்ணி, எடை குறைந்த குழந்தைக்கு வலிந்து ஊட்டாதீர்கள்; சிறிதாகப் பிறந்து குழந்தைப் பருவத்தில் வேகமாகப் பருப்பவர்களுக்கே பிற்காலத்தில் நீரிழிவு வாய்ப்புக் கூடுகிறது.

ஏழாம் மாதத்தில் வந்து நிற்பவர்களுக்கும் நேரம் இருக்கிறது. குழந்தையின் எடையில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில்தான் ஏறுகிறது. தயவுசெய்து இன்றைய இரவுச் சாப்பாட்டிலிருந்தே அந்தப் பெண் வயிறார உண்ணட்டும்.