பல்ப்பை எப்போது அணைப்பது? குஞ்சின் இறகைப் பார்த்து முடிவெடுங்கள்

கோப்பாயிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஊர்க்கோழிக் குஞ்சுகளை வீட்டுக்குள் ஒரு பெட்டியில் பல்ப் போட்டு வளர்க்கிறாராம். நாலு கிழமை ஆகிவிட்டது, மணம் தாங்க முடியவில்லை. வளவில் கூடும் கட்டி முடித்தாயிற்று. ஆறு கிழமைக்கு முன் வெளியே விட்டால் குளிரில் செத்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மாரி மழை பிடிப்பதற்குள் விட்டுவிடச் சொல்கிறார் அம்மா. யார் சொல்வதைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

அம்மா சொல்வது உண்மைக்குக் கிட்ட வருகிறது. ஆறு கிழமைக் கணக்கு குளிர் நாடுகளில் பிறந்தது. முதல் கிழமையில் பெட்டிக்குள் 33 முதல் 35 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும், பிறகு கிழமைக்கு 3 பாகை வீதம் குறைக்க வேண்டும் என்பது கோழி வளர்ப்போர் எல்லோருக்கும் தெரிந்த விதி. அதன்படி நாலாம் கிழமையில் குஞ்சுக்குத் தேவை 24 முதல் 26 பாகை. யாழ்ப்பாணத்தில் வைகாசி, ஆனி இரவுகளே அதைவிடச் சூடு. மார்கழி, தையில்தான் விடியப்புறம் 22, 23 வரை இறங்கும். ஆகவே நம் ஊரில் நாலு கிழமைக் குஞ்சுக்குக் காற்றின் குளிர் பெரிய எதிரி அல்ல. ஈரம்தான் எதிரி. அதைப் புரிந்துகொள்ள இறகைப் பற்றித் தெரிய வேண்டும்.

முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு முதல் சில நாட்கள் தன் உடம்புச் சூட்டைத் தானே பிடித்து வைக்கத் தெரியாது. வளர்ந்த கோழியின் உடம்பு 41 பாகைக்குமேல் இருக்கும், புதுக் குஞ்சு அதைவிடக் குறைவு. உடம்பு சிறிது, எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு பெரிது, அதனால் சூடு வேகமாகக் கசியும். மனிதக் குழந்தைக்குச் சூடு தரவென்றே இருக்கும் பழுப்புக் கொழுப்பு பறவைகளுக்கு இல்லை. தசையை நடுங்க வைத்துத்தான் சூடு உண்டாக்க வேண்டும், அந்தத் திறமை இரண்டு மூன்று கிழமைகளில்தான் தேறும். தாய்க்கோழியோடு திரியும் குஞ்சு பொரித்த மறுநாளே வளவில் நிற்கிறதே என்று கேட்கலாம். குளிர்ந்தவுடன் அது தாயின் செட்டைக்குள் புகுந்துவிடும். தாய் இல்லாத குஞ்சுக்குத்தான் பல்ப். இன்னொன்று, இப்போது கடைகளில் கிடைக்கும் எல்இடி பல்ப் வெளிச்சம்தான் தரும், சூடு மிகக் குறைவு. பழைய இழை பல்ப் வேண்டும்.

சரி, இறகுக்கு வருவோம்.

பொரிக்கும்போது குஞ்சின் மேலிருப்பது தூவி. தூவியில் நீளமான நடுத்தண்டு இல்லை. மெல்லிய கிளைகள் எல்லாப் பக்கமும் விரிந்து நிற்கும், அவற்றுக்கிடையே காற்று சிக்கிக்கொள்ளும். அசையாத காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும் என்பது பள்ளியில் படித்ததுதான். உலர்ந்திருக்கும்வரை தூவி நல்ல போர்வை. ஆனால் அதன் கிளைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதில்லை. ஒரு தூறல் விழுந்தால் போதும், கிளைகள் ஒட்டிக்கொள்ளும், காற்று வெளியேறும், அந்த இடத்தில் தண்ணீர் உட்காரும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் கூடுதலாக வெப்பத்தைக் கடத்தும்.

அடுத்த இறகு எங்கிருந்து வருகிறது தெரியுமா? அதே குழியிலிருந்து. தூவி முளைத்த அதே தோற்குழிக்குள் புது இறகு உருவாகி, பழைய தூவியைத் தன் நுனியில் சுமந்தபடியே வெளியே வரும். மூன்று கிழமைக் குஞ்சின் தோளைக் கிட்ட வைத்துப் பாருங்கள். இறகு நுனிகளில் சிறு தூவிக் குஞ்சங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். கொஞ்ச நாளில் அவை உதிர்ந்துவிடும்.

இறகு வளரும் விதம் இன்னும் அழகானது. தட்டையான ஒரு பொருளாக அது முளைப்பதில்லை. வாழைக்குருத்து சுருண்டபடி வெளியே வந்து பிறகு விரிகிறதே, அதே முறைதான். தோலுக்குள் இருப்பது ஒரு குழாய். அதன் சுற்றுச் சுவரில் கிளைகள் சுருளாக வளர்ந்து ஒரு பக்கத்தில் வந்து சேர, சேரும் இடம் நடுத்தண்டாகிறது. வெளியே ஒரு உறை மூடியிருக்கும். உள்ளே வளர்ச்சிக்காக இரத்தம் ஓடும், அதனால்தான் இளம் முளையை ஒடித்தால் இரத்தம் வரும். வளர்ச்சி அடியிலிருந்துதான், ஆகவே நுனிதான் மிகப் பழைய பகுதி. குஞ்சு அலகால் கோதக் கோத உறை தூளாக உதிர்ந்து இறகு விரியும். பெட்டிக்குள் நாலாம் கிழமையில் வெள்ளைத் தூள் படிகிறதே, அதில் பெரும்பங்கு இதுதான். நோயென்று பயப்பட வேண்டாம்.

விரிந்த இறகின் ஒவ்வொரு கிளையிலும் நுண்கிளைகள் உண்டு. ஒரு பக்கத்து நுண்கிளைகளில் கண்ணுக்குத் தெரியாத கொளுக்கிகள், எதிர்ப்பக்கத்து நுண்கிளைகளில் அவை மாட்டிக்கொள்ள விளிம்புகள். இழுத்தால் பிரியும், கோதினால் மீண்டும் மாட்டும். விழுந்து கிடக்கும் ஒரு இறகை எடுத்து விரலால் பிரித்துவிட்டு அடியிலிருந்து நுனிக்குத் தடவிப் பாருங்கள், வெடிப்பு மறைந்துவிடும். இந்த நெருக்கமான அமைப்பினால் மழைத்துளி உள்ளே இறங்காமல் உருண்டு ஓடும். வாலடியில் இருக்கும் சுரப்பியின் எண்ணெயை அலகால் எடுத்துப் பூசிப் பூசிக் கோழி இந்த அமைப்பைப் பழுதாகாமல் வைத்திருக்கிறது. அதே இறகின் அடிப்பகுதியோ கொளுக்கி இல்லாமல் தூவியாகவே இருக்கும். மேற்பாதி மழையைத் தடுக்கிறது, கீழ்ப்பாதி காற்றைப் பிடித்து வைக்கிறது. ஒரே தண்டில் இரண்டு வேலை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

நனைந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போடலாம். 200 கிராம் எடையுள்ள குஞ்சு என்று வைப்போம். அதன் தூவியில் 2 கிராம் தண்ணீர் தங்கிவிட்டது, அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 யூல் வெப்பம் வேண்டும், ஆக மொத்தம் 4,800 யூல். அந்தக் குஞ்சின் உடம்புச் சூட்டை ஒரு பாகை மாற்ற 700 யூல் அளவில் போதும். அவ்வளவு வெப்பமும் உடம்பிலிருந்தே போனால் சூடு ஏறத்தாழ 7 பாகை இறங்கும். காற்றும் கொஞ்சம் வெப்பம் கொடுக்கும், தின்ற தீனை எரித்துக் குஞ்சும் ஈடுகட்டும், முழு 7 பாகையும் இறங்காதுதான். ஆனாலும் வாடைக்காற்றில் நனைந்த குஞ்சு ஏன் ஒரே இரவில் விறைத்துப் போகிறது என்பது விளங்கும்.

ஆகவே நாட்காட்டியைப் பார்க்காமல் குஞ்சைத் தூக்கிப் பாருங்கள். செட்டை இறகு முதல் கிழமையிலேயே முளைத்துவிடும், அதை நம்பி ஏமாறக்கூடாது. வால், தோள், நெஞ்சு, முதுகு என்று போய், வயிறும் தலையும் கடைசியில்தான் மூடும். முதுகும் நெஞ்சும் மூடிவிட்டதா, செட்டைக்கு அடியில் வெறும் தூவிதானா என்று பாருங்கள். ஒரே நாளில் பொரித்தவை எல்லாம் ஒன்றாக இறகு கட்டாது. இறகின் வேகத்தை மாற்றும் ஒரு பரம்பரையலகு, பேடா சேவலா என்பதைத் தீர்மானிக்கும் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. சில கலப்புகளில் ஒருநாள் குஞ்சின் செட்டை இறகைப் பார்த்தே பேடா சேவலா என்று பொரிப்பகங்கள் பிரிப்பது இதை வைத்துத்தான். பிந்தியதற்காக மற்றவற்றை நிறுத்தி வைப்பதா என்றால், பிந்தியவை நாலைந்து இருந்தால் அவற்றை மட்டும் இன்னும் ஒரு கிழமை பெட்டியில் வையுங்கள்.

இறகு பெரும்பாலும் கெரற்றின் என்ற புரதம். அதற்குக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் வேண்டும். குறுணலும் தவிடும் மட்டும் போட்டால் இறகு இழுபடும். நம் ஊர் எள்ளுப் புண்ணாக்கில் அப்படிக் கந்தகம் உள்ள மெதியோனின் நிறைய, லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் குறைவு. கருவாட்டுத் தூள் அந்தக் குறையை நிரப்பும், உப்பை மட்டும் கழுவி எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் குஞ்சுக்குக் கறையான் பிடித்துக் கொடுத்தார்களே, அது அருமையான புரத உணவு.

வெளியே விட்ட முதல் இரவில் நாலைந்து குஞ்சு செத்துக் கிடந்தால் நாவூறு பட்டுவிட்டது என்று சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. எனக்கு இதில் கோபமே வரும். புது இடத்துக்குப் பயந்து குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும், அடியில் அகப்பட்டது மூச்சுத் திணறிச் சாகும். மூலைகளுக்குக் குறுக்கே மட்டை வைத்து வட்டமாக்கி, இரவு ஒரு தடவை ரோச் அடித்துப் பார்த்தால் அந்தச் சாவைத் தடுக்கலாம். நாவூறைக் குற்றம் சொல்லும் வீட்டில் அடுத்த தொகுதியும் அப்படியே சாகும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. வடக்கின் ஊர்க்கோழிக் குஞ்சு எந்த மாதத்தில், எந்தத் தீனில், எத்தனையாம் நாள் முதுகு மூடுகிறது என்று பார்க்க ஒரு தராசும் வெப்பமானியும் ஒரு வருடப் பொறுமையும் போதும். இப்படிப்பட்ட சிறிய ஆய்வுகளுக்கு மாணவர்களுக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குளிர் நாட்டு அட்டவணையை நம்பிப் பல்ப்புக்கு மின்கட்டணம் கட்டும் வீடுகளுக்கு அது நேராகப் போய்ச் சேரும்.

கோப்பாய் வாசகிக்கு: இப்போதே பகலில் பல்ப்பை அணையுங்கள். வெயில் உள்ள நேரம் குஞ்சுகளை வளவில் கரப்பால் மூடி விடுங்கள், பொழுதுபட உள்ளே எடுங்கள். குஞ்சுகள் நெருக்கியடிக்காமல் பரவிப் படுத்தால் இரவிலும் பல்ப் வேண்டாம். அப்புறம் கூட்டுக்கு மாற்றி, ஒரு கிழமை திறக்காமல் அங்கேயே தீனும் தண்ணீரும் கொடுங்கள், இடம் பழகிவிடும். கூரை கிடுகாக இருந்தால் நல்லது. தகரமென்றால் மேலே ஓலை போடுங்கள், கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாடைப் பக்கத்தை மறையுங்கள், ஆனால் மேலே காற்று போக இடம் விடுங்கள். மரநாயும் கீரியும் நுழையாதபடி அரை அங்குலக் கம்பி வலை அடியுங்கள். நிலத்து உமி நனைந்தால் அன்றே மாற்றுங்கள். ஈர உமியில்தான் இரத்தக் கழிச்சல் கிருமி ஓரிரு நாளில் முதிர்ந்து தொற்றும்.

அப்படியும் ஒரு குஞ்சு நனைந்துவிட்டால், துணியால் ஒற்றி எடுத்து, பழைய பெட்டியில் பல்ப்பின் கீழ் விடுங்கள். மேலே உலர்ந்தது போலத் தெரிந்தாலும் அடித்தூவி ஈரமாக இருக்கும். வயிற்றுப் பக்கம் விரலை விட்டுப் பார்த்து, அங்கும் காய்ந்த பிறகே திரும்பக் கூட்டில் விடுங்கள்.