முதல் குழந்தை தானாகத் தங்கியது, இரண்டாவது ஏன் தங்கவில்லை?

போன செவ்வாய்க்கிழமை பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் கிளினிக்குக்கு 34 வயதுப் பெண் ஒருவர் வந்தார். கையில் ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டிய காலண்டர் தாள்கள். நகைக் கடையில் கொடுக்கும் மாதக் காலண்டரிலிருந்து கிழித்தவை. மேசையில் விரித்தால் திரும்பத் திரும்பச் சுருண்டுகொண்டது. ஒரு முனையில் என் ஸ்டெதாஸ்கோப்பையும் மறுமுனையில் பிபி மெஷினையும் வைத்து நிறுத்தினோம்.

பீரியட்ஸ் வந்த நாளைச் சுற்றிச் சிவப்புப் பேனாவில் வட்டம். அங்கிருந்து எண்ணி, பதினான்காம் நாளில் பென்சிலால் ஒரு டிக். வட்டங்கள் ஜனவரி 6, பிப்ரவரி 21, ஏப்ரல் 2, மே 23 என்று போயின. முதல் டிக் ஜனவரி 19. அந்த மாதம் அவருக்குக் கருமுட்டை வெளியே வந்திருந்தால், அது பிப்ரவரி 7 வாக்கில் வந்திருக்கும். டிக் போட்ட நாளுக்கும் அதற்கும் கிட்டத்தட்ட மூன்று வாரம் இடைவெளி. இப்படியே நான்கு வருடம். அந்த டிக் நாள்களுக்காக அவர் கணவர் கம்பெனியில் கெஞ்சி நைட் ஷிப்டை மாற்றி வாங்கியிருக்கிறார்.

“முதல் பையன் கல்யாணமான மூணாவது மாசமே நின்னுட்டான் மேடம். அதனால எனக்கு ஒரு குறையும் இருக்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க” என்றார். பையனுக்கு இப்போது எட்டு வயது.

இந்த வாக்கியத்தை இந்த ஒரு மாதத்தில் மட்டும் ஐந்தாவது முறையாகக் கேட்டேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் குழந்தை பிறந்தது என்றால் என்ன அர்த்தம்? அந்த வருடம், அந்த மாதம், ஒரு கருமுட்டை வெளியே வந்தது. ஒரு கருக்குழாயாவது திறந்திருந்தது. கணவரின் விந்தணு போதுமான அளவு இருந்தது. கர்ப்பப்பை கருவை ஏற்றுக்கொண்டது. அவ்வளவுதான். எட்டு வருடம் கழித்தும் இந்த நான்கும் அப்படியே இருக்கின்றன என்று அதற்கு அர்த்தம் கிடையாது. எட்டு வருடத்துக்கு முன் எடுத்த சுகர் ரிப்போர்ட்டைக் காட்டி எனக்கு இன்று சுகர் இல்லை என்று யாராவது சொல்வார்களா? சொல்ல மாட்டோம். குழந்தை விஷயத்தில் மட்டும் பழைய ரிப்போர்ட்டை நம்புகிறோம்.

இந்தப் பெண்ணுக்கே இந்த எட்டு வருடத்தில் என்னென்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். எடை 62லிருந்து 76 கிலோ. வயது 26லிருந்து 34. நடுவில் ஒரு சிசேரியன். தைராய்டு கடைசியாகப் பார்த்தது கர்ப்பமாக இருந்தபோது. கணவருக்கு மூன்று வருடமாகச் சர்க்கரை. உடம்பு இரண்டும் வேறாகிவிட்டன, கேள்வி மட்டும் பழையபடி “அப்போ நின்னுச்சே, இப்போ ஏன் நிக்கலை?” என்றே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் பீரியட்ஸ் எப்படி வரும் என்று கேட்டால், பத்தில் ஏழெட்டுப் பேர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்பவும் ரெண்டு மாசத்துக்கு ஒருதரம்தான் மேடம்” என்பார்கள். ஆக, சிக்கல் அன்றும் இருந்தது. சுழற்சி முறை தவறி வந்தால் கருமுட்டை வரவே வராது என்று இல்லை. குறைவாக வரும், எப்போது வரும் என்று தெரியாது. மாதாமாதம் வருகிறவருக்கு வருடத்தில் 12, 13 வாய்ப்பு என்றால் இவருக்கு ஏழோ எட்டோதான். 26 வயதில் அதில் ஒன்று சட்டென்று பலித்துவிட்டது. அது நல்ல நேரம், நல்ல வயது. அதை வைத்து உடம்புக்கு நற்சான்று கொடுத்துவிட்டார்கள்.

கொடுத்தது வீட்டார் மட்டும் இல்லை. “ஒண்ணு பெத்தவளுக்கு இன்னொண்ணு பெறத் தெரியாதா” என்று மாமியார் சொல்வதாவது புரிகிறது. எங்கள் துறை ஆட்களும், “ஒன்று இருக்கிறதே, டென்ஷன் ஆகாமல் இருங்கள், தானாக நிற்கும்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கிறது. 46 நாள், 51 நாள் என்று தள்ளிப் போகிறவருக்கு டென்ஷன் ஆகாதே என்பது சிகிச்சை இல்லை. குழந்தையே இல்லாதவர்களிடம் இவர்கள் வாய் திறந்து அழவும் முடியாது, “உனக்காவது ஒண்ணு இருக்கே” என்பார்கள். விசேஷ வீட்டுக்குப் போனால், “பையன் பெரியவனாயிட்டானே, அடுத்தது எப்போ?” இரண்டு பக்கமும் இடி. இந்த வேதனை சின்னது இல்லை. இதை யாரும் உங்களுக்குச் சின்னதாக்கிக் காட்ட விடாதீர்கள்.

சரி, பதினான்காம் நாள் கதைக்கு வருகிறேன். 28 நாளுக்கு ஒருமுறை சரியாக வருகிறவருக்குத்தான் 14ஆம் நாள். கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். அடுத்த பீரியட்ஸுக்குச் சுமார் 14 நாள் முன்பு கருமுட்டை வெளியே வரும். 35 நாள் சுழற்சி என்றால் 21ஆம் நாள் வாக்கில், 46 நாள் என்றால் 32ஆம் நாள் வாக்கில். அடுத்தது எப்போது வரும் என்றே தெரியாதவர் பின்னாலிருந்து எப்படி எண்ணுவார்? எண்ண முடியாது. போனில் இருக்கும் ஆப்பும் எண்ண முடியாது. அது போன மாதங்களின் சராசரியை எடுத்து ஒரு நாளைக் காட்டுகிறது, அவ்வளவே. கருமுட்டை நாளைக் காட்டும் ஸ்ட்ரிப்பும், சினைப்பையில் நீர்க்கட்டி உள்ள பலருக்குத் தப்பான கோட்டைக் காட்டிவிடும். என் பேச்சைக் கேட்பதானால் டிக்கை விட்டுவிடுங்கள். விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தால் எந்தத் தேதியையும் பிடிக்க வேண்டியதில்லை. ஆப் சொன்ன ஒரு நாளுக்காகச் சண்டை போட்டுக்கொள்கிற தம்பதிகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

இதே தவறு லேபிலும் நடக்கிறது. கருமுட்டை வந்ததா என்று பார்க்கும் புரோஜெஸ்டிரோன் பரிசோதனையை ‘21ஆம் நாள் ரத்தம்’ என்றே எழுதி எழுதிப் பழகிவிட்டோம். 46 நாள் சுழற்சிக்காரருக்கு 21ஆம் நாள் எடுத்தால் குறைவாகத்தான் வரும். அதை வைத்து, முட்டையே வரவில்லை என்று பயமுறுத்திவிடுகிறார்கள். அடுத்த பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்பு எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு.

அடுத்தது, பீரியட்ஸ் வர மாத்திரை. நாள் தள்ளினால் நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போய், ஐந்து நாளைக்கு வாங்கிப் போட்டு, வந்துவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். மாத்திரையை நிறுத்தியதும் கர்ப்பப்பையின் உட்படலம் உதிர்கிறது, அதுதான் அந்த ரத்தப்போக்கு. அந்த மாதம் கருமுட்டை வந்தது என்பதற்கு அது அடையாளமே இல்லை. அதோடு, நாள் தள்ளியதற்குக் காரணம் கர்ப்பமாகவே இருக்கலாம்! நான்கு வருடம் ஏங்கியவர் கார்டு போட்டுப் பார்க்காமலே அந்த மாத்திரையைப் போட்டுவிட்டு வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். முதலில் கார்டு டெஸ்ட். எத்தனை முறை ஏமாந்திருந்தாலும் சரி, முதலில் கார்டு டெஸ்ட்.

காரணம் தேடும்போது ஸ்கேனில் நீர்க்கட்டி என்று எழுதியதைப் பார்த்ததும் பலர் கட்டியை எடுத்துவிடுங்கள் என்கிறார்கள். அது எடுக்க வேண்டிய கட்டி இல்லை. முழுதாக வளராமல் பாதியில் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப்பைகள். ஸ்கேனில் தெரிந்தால் மட்டும் பிசிஓஎஸ், அதாவது நீர்க்கட்டிப் பிரச்சினை, ஆகிவிடாது. சுழற்சி தள்ளிப்போவது, ஆண் ஹார்மோன் கூடியிருப்பது, ஸ்கேனில் தெரிவது ஆகிய மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். அதற்கும் முன்னால் தைராய்டும், பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினும் பார்த்தாக வேண்டும். இவை கோளாறானாலும் பீரியட்ஸ் இதே மாதிரிதான் தள்ளும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ராத்திரியில் இன்னும் பால் கொடுக்கிறீர்களா? சொல்லுங்கள், அதுவும் கணக்கில் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி, அந்தரா என்று அரசு ஆஸ்பத்திரியில் போடுவார்களே, அதைப் போட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கடைசி ஊசிக்குப் பிறகு கரு தங்கச் சராசரியாகப் பத்து மாதம் ஆகும். நிரந்தரக் கேடு எதுவும் இல்லை, நேரம்தான் எடுக்கும். காப்பர் டி பாவம், எல்லாப் பழியும் அதன் மேல்தான் விழுகிறது. அதை எடுத்த அடுத்த சுழற்சியிலேயே கரு நிற்கலாம்.

லெட்ரோசோல் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முட்டை வளர இந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் போன் வருகிறது, “மேடம், இது கேன்சர் மாத்திரையாமே, இந்தியாவில தடையாமே?” மார்பகப் புற்றுநோய்க்கும் கொடுக்கிறார்கள், உண்மை. குழந்தையின்மைக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று 2011ல் மத்திய அரசு தடை போட்டதும் உண்மை. அந்தத் தடையை 2017ல் எடுத்துவிட்டார்கள். இணையத்தில் பழைய செய்தி மட்டும் போகவே இல்லை. பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2014ல் வெளியான ஆய்வில், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்கும், பழைய குளோமிஃபீன் மாத்திரை எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. பிசிஓஎஸ் காரணமாக முட்டை வராதவர்களுக்கு இன்று முதலில் கொடுப்பது இதைத்தான். ஆனால் பழைய சீட்டைக் காட்டி நீங்களாகத் திரும்ப வாங்கிப் போடாதீர்கள். எத்தனை முட்டை வளர்கிறது என்று ஸ்கேனில் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

இப்போது கணவர்மாருக்கு. “எனக்கு எதுக்கு மேடம் டெஸ்ட், பையன் இருக்கானே” என்பீர்கள். பையன் பிறந்தபோது உங்களுக்குச் சர்க்கரை இல்லை, பான் மசாலா பழக்கம் இல்லை, தொப்பை இல்லை. விந்தணு உருவாகச் சுமார் இரண்டரை மாதம் ஆகும் என்பதால், இரண்டு மாதத்துக்கு முன் வந்த கடும் காய்ச்சல்கூட இன்றைய ரிப்போர்ட்டில் தெரியும். உங்களுக்கு ஒரே ஒரு சாம்பிள்தான், ஊசிகூடக் கிடையாது. மனைவிக்குக் கருக்குழாய் எக்ஸ்ரே எடுக்கும்போது வலி தாங்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார். அதற்கு முன்னால் நீங்கள் அந்த டப்பாவைக் கொடுத்துவிடுங்கள், தயவுசெய்து. மனைவிக்கு ஆறு மாதம் மாத்திரை கொடுத்த பிறகு கணவரின் எண்ணிக்கை மிகக் குறைவு என்று தெரிய வரும்போது, அந்த ஆறு மாதத்தை யாரால் திருப்பிக் கொடுக்க முடியும்?

எப்போது வர வேண்டும்? ஒழுங்காகப் பீரியட்ஸ் வருகிறவர்கள் ஒரு வருடம் முயன்று பார்க்கலாம், 35 வயதைத் தாண்டியவர்கள் ஆறு மாதம். 21 நாளுக்குள் வந்தாலோ 35 நாளைத் தாண்டிக்கொண்டே போனாலோ ஒரு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம், உடனே வாருங்கள். மூன்று மாதமாக வரவே இல்லையென்றால், இரண்டாவது குழந்தையே வேண்டாம் என்று இருப்பவரும் வர வேண்டும். உதிராமல் தடித்துக்கொண்டே போகும் உட்படலம் பின்னாளில் ஆபத்தாகலாம். கையில் பணம் இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள். பௌரிங், வாணி விலாஸ் போன்ற அரசு ஆஸ்பத்திரிகளில் மகளிர் பிரிவு இருக்கிறது. ஆரம்பப் பரிசோதனைகளுக்கு அது போதும். விளம்பரப் பலகையைப் பார்த்து நேராக ஐவிஎஃப் சென்டருக்கு ஓடாதீர்கள். சுழற்சி தவறுகிறவர்களில் நிறையப் பேருக்கு மாத்திரையே போதும்.

எடை கூடியிருந்தால் அதில் 5 சதவீதம் குறைத்தாலே பலருக்குச் சுழற்சி திரும்புகிறது. 76 கிலோ என்றால் நான்கு கிலோவுக்கும் குறைவு. மலைக்க வேண்டாம். தினமும் ஏரியைச் சுற்றி நடந்து, ராத்திரிச் சோற்றைக் குறைத்தே இதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். முதல் கர்ப்பத்தில் சுகர் இருந்ததா? கரு தங்கும் முன்பே சுகர் பார்த்துவிடுங்கள். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் இன்றே ஆரம்பிக்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத எந்தப் பொடியும் வேண்டாம், யார் கொடுத்தாலும் சரி. அதிலும் ஆண் பிள்ளை பிறக்கும் என்று சொல்லிக் கொடுப்பதைத் தொடவே தொடாதீர்கள்.

காலண்டர் கொண்டுவந்த அந்தப் பெண்ணின் ரிப்போர்ட் நேற்று வந்தது. தைராய்டு ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் 9க்கு மேல், அதாவது தைராய்டு குறைவாகச் சுரக்கிறது. தைராய்டு மாத்திரை ஆரம்பித்திருக்கிறோம். கணவரின் ரிப்போர்ட் சனிக்கிழமை வருகிறது. இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்ல முடியும். “இதெல்லாம் தூக்கிப் போட்டுடட்டுமா மேடம்?” என்று தாள்களைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். வேண்டாம், சிவப்பு வட்டத்தை மட்டும் விடாமல் போட்டுக்கொண்டு வாருங்கள், பென்சிலைப் பையனுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றேன்.