கூர்: அனிமே ரசிகர்களின் மூன்று மாதக் கணக்கு

"இது ஒரு கூரா, ரெண்டு கூரா?" அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவூட்டத் தொடர் ஒன்றைப் புதிதாக அறிவித்ததும் ரசிகர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் இது ஒன்று. எந்த மங்காவிலிருந்து (ஜப்பானியப் படக்கதை) எடுக்கிறார்கள், எந்த ஸ்டுடியோ, யார் குரல் என்பதெல்லாம் அறிவிப்பிலேயே வந்துவிடும். எத்தனை வாரம் ஓடும் என்பதை மட்டும் பல நேரம் சொல்ல மாட்டார்கள். பிறகு ப்ளூ-ரே விற்பனைப் பட்டியல் வெளியாகும். மொத்தம் எத்தனை தட்டு, ஒரு தட்டில் எத்தனை அத்தியாயம் என்று பெருக்கிப் பார்த்து, "ஆமாம், ரெண்டு கூர்தான்" என்று ரசிகர்கள் தாங்களே முடிவு கட்டிவிடுவார்கள்.

ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒரு தொடருக்கு ஒதுக்கும் மூன்று மாத ஒளிபரப்புக் காலத்துக்குத்தான் கூர் என்று பெயர். ஆண்டுக்கு 52 வாரம், அதை நாலாகப் பிரித்தால் 13. வாரம் ஓர் அத்தியாயம் என்றால் ஒரு கூருக்கு 13 அத்தியாயம், இரண்டு கூருக்கு 26, ஆண்டு முழுக்க ஓடினால் 52. ஏட்டுக் கணக்கு இதுதான். நடைமுறையில் ஒரு கூர் என்பது பெரும்பாலும் 12 அத்தியாயம், சில நேரம் 11. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் தொலைக்காட்சி நிலையங்கள் நிகழ்ச்சி நிரலைக் கலைத்துப் போடும். அந்த வாரங்களில் வழக்கமான தொடர்களை நிறுத்திவிட்டு நீண்ட சிறப்பு நிகழ்ச்சிகளைப் போடுவார்கள். இடையில் புத்தாண்டு வரும், விளையாட்டு நேரலை வரும். பதின்மூன்றாவது வாரம் இப்படித்தான் பறிபோகிறது.

கூர் தொடங்கும் மாதங்கள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். ஜப்பானில் பள்ளி திறப்பதும் நிதியாண்டு தொடங்குவதும் ஏப்ரலில் என்பதால் ஏப்ரலும் அக்டோபரும் பெரிய மாற்றங்கள் நடக்கும் மாதங்கள்.

பழைய தொடர்களின் அத்தியாய எண்ணிக்கையைப் பார்த்தாலே இந்தக் கணக்கு தெரியும். 1995 அக்டோபரில் தொடங்கி 1996 மார்ச்சில் முடிந்த 'நியான் ஜெனிசிஸ் இவாஞ்செலியன்' சரியாக 26 அத்தியாயம். 1979-ல் வந்த 'மொபைல் சூட் கன்டம்' நாலு கூருக்கு, அதாவது 52 அத்தியாயத்துக்குத் திட்டமிட்ட தொடர். ஆதரவு போதாமல் 43-லேயே முடித்துவிட்டார்கள். இன்று உலகமே கொண்டாடும் ஒரு தொடர் கூர் கணக்கை நிரப்பாமல் பாதியில் இறக்கப்பட்டது என்பது ரசிகர்களுக்கு இன்னும் சொல்லி அலுக்காத செய்தி.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? ஜப்பானியர்கள் இதை அயல்மொழிச் சொற்களுக்கான கதகனா எழுத்தில், 'கூரு' என்று ஒலிக்கும்படி எழுதுகிறார்கள். அகராதிகள் பிரெஞ்சு மொழியைக் கைகாட்டுகின்றன. பிரெஞ்சில் 'கூர்' என்றால் ஓட்டம், போக்கு, பாடத் தொடர். அதற்கும் மூலம் லத்தீனில் 'ஓடு' என்று பொருள்படும் வினைச்சொல். ஆங்கிலத்திலிருந்து நாம் எடுத்துக்கொண்ட 'கோர்ஸ்' இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். நாமும் படம் நூறு நாள் 'ஓடியது' என்கிறோம், தொடர் ஆயிரம் எபிசோடு 'ஓடுகிறது' என்கிறோம். ஆக, லத்தீனின் வேர் நமக்கு ஒன்றும் அந்நியமில்லை.

இதே கூரு ஜப்பானிய மருத்துவமனைகளிலும் உண்டு. கீமோதெரபி போன்ற சிகிச்சையில் மருந்து ஏற்றும் நாட்களையும் இடையில் விடும் ஓய்வு நாட்களையும் சேர்த்து 'ஒரு கூரு' என்று எண்ணுவார்கள். அந்தக் கூரு ஜெர்மன் மொழியில் சிகிச்சையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஜப்பானிய மருத்துவம் நெடுங்காலம் ஜெர்மன் நூல்களைப் படித்து வளர்ந்ததன் தடயம். தொலைக்காட்சிக் கூருக்கும் அதுவே மூலம் என்போர் உண்டு. எனக்குப் பிரெஞ்சு விளக்கமே பொருத்தமாகப் படுகிறது, தொடர் என்பது ஓடுகிற பொருள் என்பதால். போதாக்குறைக்கு, ஆங்கிலத்தின் 'கூல்' என்ற சொல்லையும் ஜப்பானியர்கள் அட்சரம் பிசகாமல் இதே எழுத்துகளில்தான் எழுதுகிறார்கள். 'கூல் ஜப்பான்' என்ற அரசுத் திட்டத்தின் முதல் சொல்லும் 'இரண்டு கூர்' என்பதில் வரும் சொல்லும் தாளில் ஒன்றேதான். இடத்தை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

பிறகு ஆங்கிலம் பேசும் ரசிகர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலின் கடைசியில் ஒலிக்காமல் நிற்கும் எழுத்து ஒன்று உண்டு; அதை விட்டுவிட்டு எழுதினார்கள், அதுவே நிலைத்தும் விட்டது. அந்த எழுத்து போனால் பிரெஞ்சில் அது வேறு சொல்: முற்றம், அல்லது நீதிமன்றம். 'இரண்டு முற்றத் தொடர்' என்று எழுதிவைத்திருக்கிறார்களே என்று ஒரு பிரெஞ்சு ரசிகர் சிரித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இத்தனைக்கும் அந்த ரசிகர்களுக்கு இந்தச் சொல் ஏன் தேவைப்பட்டது? கையிலிருந்த 'சீசன்' போதவில்லை. அனிமே பேச்சில் சீசன் இரட்டை வேலை பார்க்கிறது. 'ஸ்பிரிங் சீசன்' என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரையான நாட்காட்டிக் காலம். 'சீசன் 2' என்றால் ஒரு கதையின் இரண்டாவது தொகுப்பு. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தியே ஆக வேண்டும் என்றில்லை. 'ஸ்பை × ஃபேமிலி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரல் முதல் ஜூன் வரை 12 அத்தியாயம் வந்தது. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் விடுமுறை. அக்டோபரில் திரும்பி வந்து 13 அத்தியாயம். இந்த 25-ம் சேர்ந்துதான் 'சீசன் 1'. நாட்காட்டிப்படி இரண்டு சீசன், கதைப்படி ஒரே சீசன். இரண்டு கூர், நடுவில் இடைவெளி என்று சொன்னால் குழப்பம் தீர்ந்தது. இப்படிப் பிரித்துப் போடுவதற்கு ஜப்பானியத்தில் 'புன்காட்சு' என்று தனிப்பெயரே இருக்கிறது. பிரித்தல் என்று பொருள். வரையும் ஸ்டுடியோவுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும், பார்க்கிறவருக்குக் காத்திருப்பு.

இதன் உச்சம் 'அட்டாக் ஆன் டைட்டன்'. அதன் 'இறுதி சீசன்' 2020 டிசம்பரில் தொடங்கியது. 2022 ஜனவரியில் இறுதி சீசனின் இரண்டாம் பகுதி வந்தது. பிறகு மூன்றாம் பகுதி என்று 2023 மார்ச்சில் ஒரு நீண்ட சிறப்பு அத்தியாயம், நவம்பரில் இன்னொன்று. இறுதி என்று பெயர் வைத்த பிறகு ஏறத்தாழ மூன்று ஆண்டு!

இடைவெளி விடாமல் இரண்டு கூர் ஓடுவது தனி வகை. 'ஃப்ரீரென்' 2023 செப்டம்பர் 29 அன்று முதல் நாலு அத்தியாயத்தையும் சேர்த்து ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் காட்டித் தொடங்கியது. 2024 மார்ச் 22-ல் 28-வது அத்தியாயத்தோடு நின்றது. செப்டம்பரிலேயே தொடங்கினாலும் அதை அக்டோபர் கணக்கில்தான் வைப்பார்கள். இந்த வகைத் தொடர்களில் முதல் கூர் முடிந்ததற்குப் பெரும்பாலும் ஓர் அடையாளம் உண்டு. தொடக்கப் பாட்டு மாறிவிடும். ஃப்ரீரெனிலும் ஜனவரியில் பாட்டு மாறியது.

இப்போது தமிழுக்கு வருவோம். அப்படியே 'கூர்' என்று எழுதினால் என்ன? எழுதலாம், ரசிகர்களுக்குள் புரியும். ஆனால் தமிழில் கூர் ஏற்கெனவே கத்தி முனையில் உட்கார்ந்திருக்கிறது. 'முதல் கூர் நன்றாக இருந்தது, இரண்டாவது கூர் மழுங்கிவிட்டது' என்று எழுதினால் விமர்சனமா, அரிவாள்மணைப் பேச்சா என்று தெரியாது. ஜப்பானிய ஒலிப்பில் 'கூரு' என்றால் நம் காதுக்கு 'கூறு' என்று விழும். பங்கு, பகுதி, சந்தையில் பிரித்து வைத்த குவியல். ஒரு பெரிய கதையைக் கூறு போட்டு மூன்று மூன்று மாதமாக விற்கிறார்கள் என்று பார்த்தால் பொருளும் ஓரளவு வந்து ஒட்டுகிறது. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் காலம் இல்லை. ஒரு கூறு என்றால் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, கூர் என்றாலோ மூன்று மாதம் என்பதுதான் முழுச் செய்தியும். தவிர, 'கூறு கெட்ட' என்ற அடைமொழி வேறு பக்கத்திலேயே காத்திருக்கிறது.

'பருவம்' என்ற சொல்லைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் தொலைக்காட்சித் தொடர்களின் சீசனுக்குப் பருவம் என்று எழுதும் வழக்கம் உண்டு. அங்கே சரி. இங்கே அதைப் போட்டால் ஆங்கிலச் சீசனின் அதே இரட்டை வேலை தமிழுக்கும் வந்து சேரும்.

என் தேர்வு 'காலாண்டு'. புதிதாகச் செய்ய வேண்டாத சொல். காலாண்டுத் தேர்வு எழுதிய எவருக்கும், நிறுவனத்தின் காலாண்டுக் கணக்கைப் பார்த்த எவருக்கும் இது எவ்வளவு காலம் என்று விளக்க வேண்டியதில்லை. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று கணக்கும் அச்சாகப் பொருந்துகிறது. 'ஒரு காலாண்டுத் தொடர்', 'இரு காலாண்டுத் தொடர்', இடைவெளி விட்டு வந்தால் 'இடைவிட்ட இரு காலாண்டு'. கதையின் தொகுப்புக்கு 'பாகம்' இருக்கவே இருக்கிறது; சினிமாவால் பழகிய சொல். ஸ்பை × ஃபேமிலியின் முதல் பாகம் இடைவிட்ட இரு காலாண்டாக வந்தது என்று எழுதிப் பாருங்கள், ஒரு சந்தேகமும் மிஞ்சாது. பேச்சில் 'கூர்' என்றே சொல்லிவிட்டுப் போகலாம், அதில் ஒன்றும் தப்பில்லை.

காலாண்டுகளுக்குப் பெயர் வைப்பதில் மட்டும் ஒரு சிக்கல். ஜப்பானில் ஜனவரித் தொடர்கள் குளிர்கால அனிமே, ஏப்ரல் வசந்தம், ஜூலை கோடை, அக்டோபர் இலையுதிர்காலம். அவர்கள் ஊர் வானிலைக்கு அது சரி. நமக்கு அக்கினி நட்சத்திரம் மே மாதத்தோடு முடிந்துவிடும். ஜூலையில் ஆடிக் காற்றடிக்கும்போது 'கோடைக்கால அனிமே' என்றால் எங்கேயோ இடிக்கிறது. அக்டோபரில் நமக்கு வருவது வடகிழக்குப் பருவமழை. நம்முடைய பெரும்பொழுதோ ஆறு, நாலுக்குள் அடங்காது. ஆகவே மாதத்தின் பெயரையே சொல்வது நல்லது: 'ஏப்ரல் காலாண்டு', 'அக்டோபர் காலாண்டு'. ஜப்பானியர்களே நாடகத் தொடர்களைப் பற்றிப் பேசும்போது 'நான்காம் மாதத் தவணை' என்ற பொருளில் அப்படிச் சொல்வதுண்டு.

கூரைச் சுற்றிச் சில சொற்கள் சேர்ந்தே திரிகின்றன. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் காலாண்டு 'கோன்கி', அடுத்தது 'ராய்கி'. நடப்பு, வருவது என்று தமிழில் சொல்லிவிடலாம். அந்தக் காலாண்டில் எல்லாரையும் ஓரம்கட்டிய தொடருக்கு 'ஹாக்கென்' என்று பட்டம். ஆதிக்கம், மேலாட்சி என்று பொருள். பிடிக்காத தொடரை நிறுத்துவது 'கிரி', அதாவது வெட்டு. மூன்றாவது அத்தியாயத்தோடு வெட்டுவது 'சன்வா-கிரி'. விளம்பரப் படத்தைப் பார்த்தே வேண்டாமென்று ஒதுக்குவதைப் பூஜ்ஜியத்தில் வெட்டுவது என்பார்கள். மூன்று அத்தியாயமாவது பார்த்துவிட்டு முடிவு செய் என்ற விதியைப் பேசும்போதெல்லாம் 2011 ஜனவரியில் தொடங்கிய 'மடோகா மாஜிகா'வின் மூன்றாவது அத்தியாயம் எடுத்துக்காட்டாக வரும். ஏன் என்று இங்கே சொன்னால் பார்க்காதவர்கள் என்னை விட மாட்டார்கள். அந்தத் தொடரும் கூர் கணக்கை மீறியதுதான். மார்ச் 11 நிலநடுக்கத்தால் கடைசி இரண்டு அத்தியாயமும் தள்ளிப்போய், ஜனவரித் தொடர் ஏப்ரல் காலாண்டுக்குள் வந்து முடிந்தது.

நடப்புத் தொடர்களைப் பின்தொடர்கிறவர்களைக் குழப்பும் இன்னொன்று, நிகழ்ச்சி நிரலில் வரும் '25:30' போன்ற நேரங்கள். பெரும்பாலான அனிமே நள்ளிரவை ஒட்டித்தான் ஒளிபரப்பாகும். சனிக்கிழமை இரவு விழித்திருப்பவருக்கு அதிகாலை ஒன்றரை இன்னும் சனி இரவுதான் என்பதால், ஜப்பானிய நிலையங்கள் 24-க்குப் பிறகும் எண்ணிக்கொண்டே போகின்றன. 'சனி 25:30' என்றால் ஞாயிறு அதிகாலை 1:30. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஜப்பான் மூன்றரை மணி நேரம் முன்னே இருக்கிறது; ஆகவே நமக்கு அது சனி இரவு சரியாகப் பத்து மணி. தூக்கம் கெடாமல் பார்க்கலாம், அவர்களைவிட நமக்கு வசதி.

கூர் கணக்கே பொருந்தாத தொடர்களும் உண்டு. 'சசாயே-சான்' 1969 அக்டோபரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வந்துகொண்டே இருக்கிறது. அதை எத்தனை கூர் என்று யாரும் எண்ணுவதில்லை. 'ஒன் பீஸ்' 1999 அக்டோபரில் தொடங்கிக் கால் நூற்றாண்டுக்கு மேல் அப்படியே ஓடியது. அதற்கும் வேலி போட்டாயிற்று: 2026 முதல் ஆண்டுக்கு அதிகபட்சம் 26 அத்தியாயம், இரண்டு கூர் என்று அறிவித்துவிட்டார்கள்.