58 வயதுக்கு முன்பே பி.எஃப். பென்ஷன் வாங்கலாமா?

வாங்கலாம். 50 வயது முடிந்திருக்க வேண்டும், பத்து வருட சர்வீஸ் இருக்க வேண்டும், பி.எஃப். பிடித்தம் உள்ள வேலையில் அப்போது இருக்கக் கூடாது. இந்த மூன்றும் பொருந்தினால் 58 வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால், பொருந்துகிறது என்பதற்காக உடனே விண்ணப்பித்துவிடலாமா? அதற்குத்தான் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நாற்பது வயதுகூட ஆகாமல் பென்ஷன் வாங்குபவர்கள் நம் அக்கம்பக்கத்திலேயே இருக்கிறார்கள். ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்தவருக்கு 15 வருடப் பணி முடிந்தால் பென்ஷன் உண்டு. 19 வயதில் சேர்ந்தவர் 35-ஐத் தொடும் முன்பே அதை வாங்க முடியும். (2022-இல் வந்த அக்னிவீர் முறையில் நான்கு வருடப் பணிக்குப் பென்ஷன் கிடையாது.) பழைய ஓய்வூதிய முறையில் உள்ள மத்திய அரசு ஊழியர் 20 வருடம் முடித்துவிட்டால் விருப்ப ஓய்வில் போய்ப் பென்ஷன் பெறலாம். இவர்களைப் பார்த்துவிட்டு, 'நானும் இருபது வருடம் கம்பெனியில் உழைத்துவிட்டேன், வேலையை விட்டால் மாதாமாதம் பென்ஷன் வந்துவிடும்' என்று தனியார் ஊழியர் கணக்குப் போடக் கூடாது. அவருக்கான விதி வேறு. 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையில் இருக்கும் ஊழியர் ஓய்வூதியத் திட்டம் அது. இ.பி.எஸ்.-95 என்று சொல்வார்கள்.

உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் 12 சதவீதம் முழுவதும் பி.எஃப். கணக்குக்குப் போகிறது. முதலாளி போடும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்கும், மீதி பி.எஃப்.-க்கும் போகின்றன. பென்ஷனுக்கான சம்பள உச்சவரம்பு 2014 செப்டம்பரிலிருந்து 15,000 ரூபாய். அதனால் அடிப்படைச் சம்பளம் அரை லட்சமாக இருந்தாலும் பொதுவாகப் பென்ஷன் நிதிக்குப் போவது மாதம் 1,250 ரூபாய்தான். 2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முறையாக வேலைக்குச் சேர்ந்து, அப்போதே அடிப்படைச் சம்பளம் 15,000-க்கு மேல் இருந்தவர் இந்தத் திட்டத்திலேயே வரமாட்டார். பாஸ்புக்கில் பென்ஷன் பங்கு என்ற கட்டம் காலியாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பென்ஷன் தொகைக்கு ஒரே ஒரு சூத்திரம். கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியை (உச்சவரம்புக்கு உட்பட்டு) சர்வீஸ் வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். வருவதுதான் 58 வயதில் கிடைக்கும் மாதப் பென்ஷன். 58-க்கு முன்பே கேட்டால், குறைகிற ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு. 57-இல் வாங்கினால் நூறுக்கு 96 கிடைக்கும். 50-இலேயே வாங்கினால் வெட்டு 30 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும்.

2014 செப்டம்பரில், தன் 38-ஆம் வயதில் சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். சராசரிச் சம்பளம் உச்சவரம்பான 15,000. ஐம்பதாவது வயதில் அவருக்கு 12 வருட சர்வீஸ். சூத்திரப்படி 15,000 × 12 ÷ 70, அதாவது 2,571 ரூபாய். அப்போதே பென்ஷன் வேண்டும் என்றால் வெட்டு போக மாதம் 1,800 ரூபாய் அளவில்தான் கிடைக்கும். வேலையை விட்டுவிட்டு, பென்ஷனைத் தொடாமல் 58 வரை காத்திருந்தால் 2,571 ரூபாய். 58 வரை வேலையிலேயே இருந்தால் சர்வீஸ் 20 வருடம் ஆகிவிடும். 20 வருடம் முடித்து 58-இல் ஓய்வு பெறுபவருக்கு 2 வருடம் போனஸாகச் சேரும். 22 வருடத்துக்குக் கணக்கிட்டால் 4,714 ரூபாய். ஒரே ஆள், ஒரே சம்பளம், முடிவு மட்டும் வேறு.

இதில் நியாயமாகச் சொல்ல வேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. மறுபடி வேலைக்குப் போகும் வாய்ப்பே இல்லை, சர்வீஸ் கூடப்போவதில்லை என்றால், 50-இல் வாங்கத் தொடங்குவது அவ்வளவு மோசமான முடிவல்ல. எட்டு வருடம் கையில் வந்த பணத்தை, 58 வரை காத்திருந்தவர் கூடுதல் தொகையால் எட்டிப் பிடிக்க 75 வயதைத் தாண்ட வேண்டியிருக்கும். உடல்நிலை சரியில்லாதவர், வேறு வருமானம் இல்லாதவர் முன்கூட்டியே வாங்குவதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். கவலையெல்லாம் 50, 51 வயதில் தற்காலிகமாக வேலை போய், அந்தப் பதற்றத்தில் விண்ணப்பிப்பவர்களைப் பற்றித்தான். ஆறு மாதத்தில் அவர்களுக்கு வேறு வேலை கிடைக்கலாம். ஆனால் ஒருமுறை குறைந்த பென்ஷன் தொடங்கிவிட்டால் 58 வந்ததும் அது முழுப் பென்ஷனாக மாறாது. புதிய வேலையில் பென்ஷன் சர்வீஸும் சேராது. முதலாளியின் பங்கு முழுவதும் பி.எஃப். கணக்குக்கே போய்விடும். இந்தப் பென்ஷனுக்கு அகவிலைப்படியும் இல்லாததால், குறைவாகத் தொடங்கும் தொகை விலைவாசியோடு சேர்ந்து உயரவும் உயராது.

2014 செப்டம்பருக்கு முன்பே சேர்ந்தவர்கள் மேலே சொன்ன கணக்கை அப்படியே தங்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். அந்தத் தேதிக்கு முந்தைய வருடங்களுக்கு 6,500 ரூபாய் என்ற பழைய உச்சவரம்பு. பிந்தைய வருடங்களுக்குத்தான் 15,000. இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும்.

சரி, 40, 45 வயதிலேயே வேலையை விட்டவர் என்ன செய்வது? 50 வரை அவருக்கு மாதப் பென்ஷன் கிடையாது. பத்து வருட சர்வீஸ் முடிந்திருந்தால் பென்ஷன் பணத்தை மொத்தமாக எடுக்கவும் முடியாது. ஃபார்ம் 10சி கொடுத்து ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி வைத்துக்கொள்ளலாம். உங்கள் சர்வீஸுக்கு அதுதான் அத்தாட்சி. பின்னால் வேறு வேலைக்குப் போனால் பழைய சர்வீஸோடு புதியதும் சேரும். பத்து வருடம் முடித்தவர் வேலையில் இல்லாத காலத்தில் இறந்துபோனாலும் மனைவிக்கோ கணவருக்கோ பென்ஷன் உண்டு. 25 வயதுக்கு உட்பட்ட இரண்டு பிள்ளைகளுக்கும் உண்டு. அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

பத்து வருடத்துக்குக் குறைவாக இருப்பவர்கள்தான் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். அதே 10சி படிவத்தில் பென்ஷன் பணத்தை எடுத்துவிட்டால், அதுவரை சேர்ந்த சர்வீஸ் அழிந்துவிடும். எட்டு வருடம் ஒரு கம்பெனி, அப்புறம் ஐந்து வருடம் இன்னொரு கம்பெனி என்று இருந்தவர் நடுவில் பணத்தை எடுக்காமல், ஒரே யு.ஏ.என். எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்) மாற்றியிருந்தால் 13 வருடம். எடுத்துவிட்டிருந்தால் வெறும் ஐந்து. பென்ஷனுக்குத் தகுதியே இல்லை. ஆறு மாதமும் அதற்கு மேலும் உள்ள காலம் ஒரு வருடமாகக் கணக்கில் வரும் என்பதால் ஒன்பதரை வருடம் இருந்தாலே பத்து என்று எடுத்துக்கொள்வார்கள். ஒன்பது வருடத்தில் இருப்பவர் இன்னும் ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம்.

விண்ணப்பம் ஃபார்ம் 10டி. யு.ஏ.என். போர்ட்டலிலேயே போடலாம். அதற்கு முன், வேலையை விட்ட தேதியைப் பழைய நிறுவனம் பதிவு செய்திருக்கிறதா, பிறந்த தேதியும் பெயரும் ஆதாரோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். எந்தத் தேதியிலிருந்து குறைந்த பென்ஷன் வேண்டும் என்பதையும் நீங்களே குறிப்பிட வேண்டும். பென்ஷன் வரத் தொடங்கிய பிறகு வருடத்துக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும்; தவறினால் பணம் நின்றுவிடும்.

வயது வரம்பே இல்லாத ஒரு வழியும் இந்தத் திட்டத்தில் இருக்கிறது. வேலையில் இருக்கும்போது நிரந்தரமாக, முழுமையாக உடல் செயலிழந்து, பார்த்த வேலையைச் செய்ய முடியாமல் போனவருக்கு 50 வயதும் வேண்டாம், பத்து வருடமும் வேண்டாம். பென்ஷன் நிதிக்கு ஒரு மாதப் பங்கு போயிருந்தாலே போதும். மருத்துவக் குழு பரிசோதித்துச் சான்று தந்தால் பென்ஷன் உண்டு. விபத்தில் படுத்துவிட்ட இருபத்தைந்து வயதுப் பையனுக்கும் இது பொருந்தும். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால், பி.எஃப். பணத்தை எடுப்பதோடு நிறுத்திவிடாமல் இந்தப் பென்ஷனையும் கேட்டு 10டி படிவத்தைக் கொடுங்கள்.