ஆமணக்கா, காட்டாமணக்கா? முழுப் பெயரைச் சொல்லுங்கள்

பிள்ளை ஏதோ கொட்டையைத் தின்றுவிட்டது என்று தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்களிடம் அவசரப் பிரிவில் நாங்கள் முதலில் கேட்பது செடியின் பெயரைத்தான். பல பேர் "ஆமணக்குங்க" என்பார்கள். இன்னும் கொஞ்சம் விசாரித்தால், வேலியோரம் நின்றது, காயில் முள் இல்லை, பிள்ளைகள் காம்பை ஒடித்து அந்தப் பாலில் குமிழி ஊதுவார்களே அதுதான் என்று வரும். அப்படியானால் அது காட்டாமணக்கு.

இந்தப் பெயரில் ஒட்டு எங்கே இருக்கிறது என்று காதுக்குத் தெரியாது. காடு, ஆமணக்கோடு சேரும்போது 'காட்டு' ஆகிறது, அப்புறம் அந்தக் கடைசி உகரமும் போய், ஆமணக்கின் 'ஆ' வந்து 'ட்டா' என்று உட்கார்ந்துவிடுகிறது. காட்-டா-ம-ணக்-கு. ஆங்கிலம் மாதிரி ஓர் அசையை அழுத்திச் சொல்லிப் பொருளைப் பிரித்துக் காட்டும் வழக்கமும் தமிழில் இல்லை. பதற்றத்தில் முன்பகுதி அமுங்கிப்போனால் எங்களுக்குக் கேட்பது இன்னொரு செடி.

காட்டாமணக்கு விதை தின்ன ருசியாக இருக்கும், அதனால் பிள்ளைகள் கூட்டமாகத் தின்றுவிட்டு வருவார்கள். பெரும்பாலும் சீக்கிரமே வாந்தி, வயிற்றுவலி, பேதி தொடங்கிவிடும். ஆமணக்கு முத்தில் இருப்பது ரிசின் என்ற கடும் நஞ்சு. மெல்லாமல் முழுதாக விழுங்கியிருந்தால் அந்தக் கெட்டி ஓடே காப்பாற்றலாம், மென்றிருந்தால் பல மணி நேரம் ஒன்றுமே தெரியாமல் இருந்துவிட்டுப் பிறகு நிலைமை மோசமாகலாம். எவ்வளவு நேரம் வைத்துப் பார்ப்பது என்பதே இதனால் மாறுகிறது.

முன்னால் 'நெய்வேலி' சேர்ந்தாலோ அது ஆமணக்குக் குடும்பமே கிடையாது. ஏரிக்கரையில் இளஞ்சிவப்பும் ஊதாவுமாகப் புனல் போலப் பூத்து நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு, சர்க்கரைவள்ளிக் கிழங்குக்குச் சொந்தம். ஆடுகள் தொடர்ந்து மேய்ந்தால் நடுக்கமும் தள்ளாட்டமும் வரும்.

ஆகவே பெயரைப் பிரித்தே சொல்லுங்கள்: காட்டு, ஆமணக்கு. தெரியாவிட்டால் ஊகிக்க வேண்டாம், காயோடு ஒரு கிளையை ஒடித்துப் பையில் போட்டு எடுத்து வாருங்கள். வாயில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீரும் கொடுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, எத்தனை கொட்டை, எத்தனை மணிக்கு, மென்றதா விழுங்கியதா என்று கூட விளையாடிய பிள்ளைகளிடம் கேளுங்கள், அவர்களும் தின்றிருக்கலாம்.