‘நான் ஒண்ணுமே பண்ணலைக்கா’

என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் ஒரு ஜாப் கார்டு புத்தகம் இருக்கிறது. பெயர், போன் நம்பர், என்ன கம்ப்ளெயின்ட், சார்ஜர் கொடுத்தார்களா என்று எல்லா சர்வீஸ் கடையிலும் இருக்கிற கட்டங்கள்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் புதுப் புத்தகம் அடித்தபோது (சிவகாசியில் உட்கார்ந்துகொண்டு அச்சுக்கா பஞ்சம்?) நானாக ஒரு கட்டம் சேர்த்தேன். ‘இங்கே கொண்டு வருவதற்கு முன் என்ன செய்து பார்த்தீர்கள்?’

ஆண்கள் பெரும்பாலும் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். கேட்டால், “நான் ஒண்ணுமே பண்ணலைக்கா, அதுவா நின்னுருச்சு.” பெண்களுக்கு அந்தக் கட்டம் போதவில்லை, ஓரத்திலும் எழுதுகிறார்கள்: ‘பையன் கேம் விளையாடினான். அப்புறம் நான் பென்டிரைவ் போட்டேன். முந்தின நாள் கரண்ட் போய்ப் போய் வந்தது. நான்தான் ஏதோ பட்டனை அமுக்கிவிட்டேன் போல.’

திறந்து பார்த்தால் கதை பாதிக்குமேல் தலைகீழாக இருக்கும். ஒண்ணுமே பண்ணாதவருடைய லேப்டாப்பில் இரண்டு ஸ்க்ரூ குறையும். என்னமோ பண்ணிவிட்ட பெண்ணின் மெஷினில், பழுதுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது.

ஒரு ஆடி மாதம். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம். அதற்கு முந்தின வாரங்களில் டிசைன் செய்கிறவர்களுக்குச் சாப்பிட நேரம் இருக்காது. ஒரு பிரஸ்ஸில் டிடிபி ஆபரேட்டராக இருக்கும் பெண், மதியச் சாப்பாட்டு நேரத்தில் சிபியூவை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தாள். ஆன் செய்தால் மானிட்டரில் ஒன்றும் வரவில்லை, நீளமாகப் பீப் பீப் என்று கத்தியது. அவள் கண் கலங்கியிருந்தது. “காலையில பென்டிரைவைச் சரியா எடுக்காம பட்டுனு புடுங்கிட்டேன்க்கா. அதுலதான் போயிருச்சு. ஓனருக்குத் தெரிய வேண்டாம், எவ்வளவுன்னாலும் நான் கொடுத்துடறேன்.”

பென்டிரைவைப் பிடுங்கினால் பென்டிரைவில் இருக்கிற ஃபைல் கெடலாம். மெஷின் இப்படிக் கத்தாது. நீளமான பீப், இருட்டு மானிட்டர் என்றால் முதலில் பார்க்க வேண்டியது ரேம், அதாவது உள்ளே செருகியிருக்கும் மெமரி அட்டை. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். பிரஸ்ஸுக்கே உரிய காகிதத் தூசி உள்ளே பஞ்சுபோலப் படிந்திருந்தது. ரேமை உருவி, பென்சில் ரப்பரால் அதன் தங்க நிறப் பற்களை நாலு தேய் தேய்த்து, சிலாட்டைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, டக் என்று சத்தம் கேட்கும்வரை அழுத்திப் பொருத்தினேன். வந்துவிட்டது. மொத்தம் பத்து நிமிடம். ரப்பரை அவள் கையில் கொடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு இன்னொருமுறை அவளையே கழற்றி மாட்டச் சொன்னேன். முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “உடைஞ்சா?” என்றாள். உடையாது என்று நான் சொன்னதை அவள் நம்பியதாகத் தெரியவில்லை, ஆனாலும் மாட்டினாள்.

அதே மாதம் ஒரு அண்ணாச்சி. மொத்த வியாபாரம், எட்டு வருட டேலி கணக்கு ஒரே ஹார்ட் டிஸ்க்கில். “ஸ்லோவா இருந்துச்சு, இப்போ வரவே மாட்டேங்குது. நான் ஒண்ணும் பண்ணலை.” டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கரண்ட் கொடுத்தேன். டிக், டிக், டிக் என்று கடிகாரம்போல அடித்தது. திருப்பிப் பார்த்தால் வாரண்டி ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறது, மூடியின் ஸ்டார் ஸ்க்ரூவில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய கீறல். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. யூடியூப் பார்த்து, டிஸ்க்கில் பழுது தேடும் விண்டோஸ் புரோகிராமான செக் டிஸ்க்கை மூன்று முறை ஓட்டியிருக்கிறார். அதில் ஒன்று விடிய விடிய ஓடியிருக்கிறது. ரெக்கவரி சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கி அதே டிஸ்க்கில் ஏற்றியிருக்கிறார். கடைசியில் மூடியைத் திறந்து, ‘உள்ளே என்னமோ சிக்கியிருக்கு’ என்று துணியால் துடைத்திருக்கிறார்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுற்றுகிறது. அதற்கு மேலே, கண்ணுக்குத் தெரியும் தூசியைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் ஹெட் மிதக்கிறது. டிக் டிக் சத்தம் வந்தால் ஹெட் தடுமாறுகிறது என்று அர்த்தம். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான், கரண்டை நிறுத்த வேண்டும். செக் டிஸ்க் அந்தத் தடுமாறும் ஹெட்டைத் தட்டின் மூலை முடுக்கெல்லாம் ஓடவைக்கும். சத்தம் ஆரம்பித்த அன்றே கொண்டுவந்திருந்தால் ஒரு நகலாவது எடுக்க முயன்றிருக்கலாம். அந்த எட்டு வருடத்தில் ஒரு வருடம்கூடக் கிடைக்கவில்லை, ஆடிட்டரிடம் இருந்த பிரிண்ட்களைத் தவிர.

பெண் பயப்படுகிறாள், ஆண் நோண்டுகிறான், இது இயற்கை என்று இதற்கு விளக்கம் சொல்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்குத் தெரிந்து இது, பொருள் யாருடையது, கெட்டால் யார் திட்டு வாங்குவது என்கிற விஷயம். வீட்டில் லேப்டாப் அப்பாவுடையது அல்லது அண்ணனுடையது. மிக்ஸியையும் கிரைண்டரையும் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டும் அம்மா, லேப்டாப்பைத் தொடும்போது மட்டும் கேட்டுவிட்டுத் தொடுகிறார். கெட்டுப்போனால் வரும் முதல் கேள்வி, “என்ன பண்ணித் தொலைச்ச?” அண்ணாச்சியை அப்படிக் கேட்க வீட்டிலும் ஆளில்லை, கடையிலும் ஆளில்லை.

நான் பிளஸ் டூ படித்த வருடம் அரசு இலவச லேப்டாப் வந்தது, 2011-இல் தொடங்கிய திட்டம். விண்டோஸோடு, அதைப் போலவே மெஷினை இயக்கும் பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் வீட்டில் என் பெயருக்கு வந்த முதல் பொருள் அதுதான், என் ரேஷன் கார்டு பெயரைக் கணக்கில் எடுக்காவிட்டால். ஒரு நாள் லினக்ஸை அழித்து இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று கிளம்பினேன். மெஷின் கறுப்புத் திரையில் போய் நின்றது, விண்டோஸும் வரவில்லை. இரண்டு நாள் வயிறு கலங்கியது. யாரும் திட்டவில்லை, ஏனென்றால் யாருக்கும் அது தேவைப்படவில்லை. பூட் லோடர் (ஆன் செய்ததும் விண்டோஸையோ லினக்ஸையோ எழுப்பிவிடுவது) என்றால் என்ன என்று அந்த இரண்டு நாளில்தான் தெரிந்துகொண்டேன். இந்தத் தொழிலுக்கு வந்த கதை அவ்வளவுதான்.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் பர்னெட் என்ற பேராசிரியர் குழு 2000-களின் நடுவில் ஸ்ப்ரெட்ஷீட்டில் தப்பு கண்டுபிடிக்கும் வேலையை ஆண்களிடமும் பெண்களிடமும் கொடுத்துப் பார்த்தது. தன்னால் முடியும் என்ற நம்பிக்கை பெண்களிடம் குறைவாக இருந்தது, கற்றுக்கொள்ள நேரமாகும் என்று புது வசதிகளைத் தொடத் தயங்கினார்கள். ஆனால் அந்த வசதிகளைப் புரிந்துகொண்டதில் இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2006-இல் வந்த இன்னொரு ஆய்வு நோண்டுவதைப் பற்றியது. ஆண்கள் அதிகம் நோண்டினார்கள், அதிலும் நிறுத்தாமல் நோண்டியது அவர்களுக்கே இடைஞ்சலாக முடிந்தது. நோண்டுவது தப்பில்லை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் நின்று என்ன மாறியது என்று பார்ப்பதுதான் வேலைக்காகிறது. இதைப் படித்தபோது எனக்கு அண்ணாச்சியின் மூன்று செக் டிஸ்க்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அதே குழு பிற்பாடு சாஃப்ட்வேர் செய்கிறவர்களுக்காகச் சில கற்பனை ஆட்களை உருவாக்கியது. தயங்கி, வழிமுறை பார்த்துச் செய்கிறவருக்கு அபி என்று பெயர். அபிகெயிலாகவும் இருக்கலாம், அபிஷேக்காகவும் இருக்கலாம் என்று அவர்களே விட்டுவிட்டார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது. என் கடைக்கு வருகிற அபிஷேக்குகளும் குறைவில்லை, கூச்சத்தில் எதையும் சொல்லாமல் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள்.

பெண்கள் மெஷினைத் தாமதமாகக் கொண்டுவருவதும் உண்டு. திட்டு வாங்குவதைத் தவிர அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைப் பயம் என்று சொல்லி ஒதுக்கக் கூடாது. ஒரு கல்லூரி ஆசிரியை, லேப்டாப் பேட்டரி உப்பி டச் பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிற நிலையில் நாலு மாதம் ஓட்டியிருக்கிறார். உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. ஏங்க இவ்வளவு நாள் என்றேன். “உள்ள என் போட்டோ எல்லாம் இருக்கு. வேற கடைல பாஸ்வேர்டு கேட்டாங்க. திரும்பி வந்துட்டேன்.”

அவர் பயந்தது சரிதான். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். பதிவு செய்யும் மென்பொருளை ரகசியமாக வைத்து, சின்னப் பழுது உள்ள லேப்டாப்களை 16 சர்வீஸ் இடங்களில் கொடுத்தார்கள். 6 இடங்களில் தனிப்பட்ட ஃபைல்களைத் திறந்து பார்த்திருக்கிறார்கள், 2 இடங்களில் நகலும் எடுத்திருக்கிறார்கள். பெண்கள் கொடுத்த மெஷின்களில்தான் இது அதிகம் நடந்தது. என் தொழிலைப் பற்றி எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் இருந்தால் அதைவிட வெட்கம்.

பேட்டரி, கீபோர்டு, ஸ்க்ரீன், ரேம், சார்ஜிங் பின், இவற்றை மாற்ற உங்கள் பாஸ்வேர்டு தேவையே இல்லை. கேட்டால் ‘எதற்கு?’ என்று கேளுங்கள். விண்டோஸ் வேலை என்றால் தனியாக ஒரு யூசர் அக்கவுன்ட் உருவாக்கிக் கொடுங்கள், பிரவுசரில் லாக் அவுட் செய்துவிட்டு வாருங்கள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வேண்டாம் என்கிற கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை செட்டிங்) போய் எதையாவது மாற்றுவதற்கு முன்னால், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் கீ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக ஏற்றி, மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்திருந்தால், பல மெஷின்களில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்கிறது. பயாஸில் கை வைத்தால் 48 இலக்கக் கீ கேட்கும். கீ அந்த அக்கவுன்ட்டில்தான் இருக்கும், அது தெரியாவிட்டால் நானும் கையை விரிக்க வேண்டியதுதான். ‘என்கிட்ட எப்படிக்கா கீ இல்லாம இருக்கும், என் லேப்டாப்தானே’ என்று கேட்ட ஒருவர் கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் போனார்.

திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் அடித்து, ‘உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்’ என்று வருமே, அதிலும் இதே வித்தியாசத்தைப் பார்க்கிறேன். பெண்கள் பதறி சுவிட்சை அணைத்துவிட்டு எனக்குப் போன் செய்கிறார்கள். அது நல்லது, அது வெறும் வெப் பக்கம்தான், அணைத்தால் போய்விடும். தானே சரிசெய்துவிடலாம் என்று அந்த எண்ணுக்குப் பேசி, மெஷினைத் தூரத்திலிருந்து இயக்கவிடும் எனிடெஸ்க்கைப் போட்டுக் கொடுத்து, கார்டு நம்பரையும் சொன்னவர்கள் என் கடைக்கு வந்தவரையில் ஆண்கள்தான். வந்தவர்கள் மட்டும்தான் எனக்குக் கணக்கு. பணம் போயிருந்தால் முதலில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள், கடைக்கு அப்புறம் வரலாம். ‘ஏமாந்துவிட்டேன்’ என்று சொல்லக் கூச்சப்பட்டு இரண்டு நாள் தள்ளினால் பணத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்பு கரைந்துவிடும்.

எங்கள் கடையில் இப்போதும் வாரத்துக்கு இரண்டு பேராவது, நான் கையில் சோல்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருக்கும்போதே, “சார் இல்லையாம்மா?” என்கிறார்கள். கேட்கிறவர்களில் பெண்களும் உண்டு. 1946-இல் எனியாக் என்ற ராட்சதக் கம்ப்யூட்டருக்கு முதன்முதலில் புரோகிராம் போட்ட 6 பேரும் பெண்கள். கையேடு கிடையாது, ஆரம்பத்தில் மெஷினைப் பார்க்கக்கூட அனுமதி கிடையாது, வரைபடத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். ஏறக்குறைய 18,000 வால்வுகளில் (பல்பு போன்ற பழைய மின்னணுக் குழாய்கள்) எது போயிருக்கிறது என்று கண்டுபிடிக்கிற அளவுக்குத் தேறினார்கள். இதையெல்லாம் ‘சார் இல்லையா’க்காரர்களிடம் நான் சொல்வதில்லை. “சார் டீ குடிக்கப் போயிருக்காரு, என்ன பிரச்சினை சொல்லுங்க” என்பேன்.

அந்த டிடிபி பெண் போன மாதம் மறுபடி வந்தாள். சிபியூவை மேஜையில் வைத்துவிட்டு ஜாப் கார்டை இழுத்து அவளே எழுதினாள். ‘ரேம் கழற்றித் தேய்த்து மாட்டினேன். வேறு சிலாட்டிலும் போட்டேன். பீப் வரவில்லை. ஃபேனும் சுற்றவில்லை. பவர் கேபிள் மாற்றிப் பார்த்தேன்.’ கட்டத்துக்குள்ளேயே முடிந்துவிட்டது. போனது மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்தான், டெஸ்டரில் போட்டதும் தெரிந்தது. புதிது எவ்வளவு என்று கேட்டாள், சொன்னேன்.

“பில்லு பிரஸ் பேருக்குப் போடுங்கக்கா” என்றாள்.